மணலில் பழகிய கை: ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைக்கு முதல் ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொடுப்பது எப்படி

எங்கள் கரையில் பதினாலு வயதுப் பையனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்றால் ஊரே சிரிக்கும். மண்டபம், வேதாளை, பெரியபட்டினம், ஏர்வாடி, வாலிநோக்கம் என்று எந்த ஊருக்கும் இது பொருந்தும். ஐஸ் வாங்க, கடைக்குப் போக, மீன் கூடையை ஏலம் விடும் இடத்துக்குக் கொண்டுபோக என்று பிள்ளைகள் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் ஏறி உட்கார்ந்து எப்போது பழகினார்கள் என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. அதனால் பதினெட்டு முடிந்ததும், ‘இவனுக்குச் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது, ஆர்.டி.ஓ. ஆபீசில் எட்டு போட்டுவிட்டு வந்தால் சரி’ என்று விட்டுவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். விசைப்படகில் கடலுக்குப் போகிறவன் நான். பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் விஷயத்தில் எல்லாவற்றையும் தப்பாகச் செய்தேன். இளையவள் விஷயத்தில் ஓரளவு சரியாகச் செய்தேன். அந்த இரண்டையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைக்கு ஏற்கெனவே ஓட்டத் தெரியும் என்பதால் வேலை குறைவு என்று நினைக்காதீர்கள். மணலிலும் சந்திலும் பழகிய பழக்கத்தை மறக்கடிப்பதுதான் பாதி வேலை.

முதலில் வயசுக் கணக்கு

‘எக்ஸ்.எல்.லுக்கு லைசென்ஸ் வேண்டாம்’ என்று ஒரு பேச்சு நம் பக்கம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தக் காலத்து டி.வி.எஸ். 50 வண்டி 49 சி.சி.தான். 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு 16 வயதிலேயே, பெற்றோர் சம்மதத்தோடு உரிமம் எடுக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. கவனியுங்கள், அதற்கும் உரிமம் வேண்டும். இன்றைக்குக் கரையில் ஓடுகிற எக்ஸ்.எல். 100 வண்டியோ கிட்டத்தட்ட 100 சி.சி. ஸ்கூட்டர்கள் 110, 125. ஆகவே வீட்டில் நிற்கிற எந்தப் பெட்ரோல் வண்டியாக இருந்தாலும் 18 முடிந்திருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார் உள்ள சின்ன மின் ஸ்கூட்டருக்கு மட்டும் உரிமம் தேவையில்லை. மின்சார வண்டி எல்லாவற்றுக்கும் அந்தச் சலுகை கிடையாது.

அதற்கு முன்னால் கொடுத்தால் என்ன? 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 199ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். 18 ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றோரோ வண்டிச் சொந்தக்காரரோ குற்றவாளி. 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. ‘எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டான்’ என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்த்தால், தெரியாமல் நடந்தது என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

மூத்தவனுக்கு அப்போது பதினாறு. ஐஸ் வாங்க நானே அனுப்பினேன். மீன் வண்டியிலிருந்து ஒழுகிய தண்ணீர் வளைவில் தேங்கிக் கிடந்தது. மீன் தண்ணீர் வெறும் தண்ணீர் மாதிரி இல்லை, செதிலும் கொழுப்பும் கலந்து தார்ரோட்டைச் சோப்புப் போட்ட தரையாக்கிவிடும். வண்டி சறுக்கி, எதிரே சைக்கிளில் வந்த பெரியவர் மேல் போய் விழுந்தது. அவருக்கு மணிக்கட்டு எலும்பில் விரிசல். நல்ல மனிதர், கேஸ் வேண்டாம் என்றார். வைத்தியச் செலவைக் கொடுத்தேன். அவர் நினைத்திருந்தால் என் கதை வேறு. உரிமம் இல்லாதவன் ஓட்டி விபத்து என்றால் நம் வண்டிச் சேதத்துக்குக் காப்பீடு வராது. அடிபட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கிற பணத்தையும் நம்மிடமே திரும்ப வசூலிக்கலாம். படகை விற்றாலும் போதாத தொகையாக அது ஆகலாம்.

தடைக்காலத்துக்குள் முடித்துவிடுங்கள்

நம் கரைக்கு என்றே ஒரு வசதி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருக்கிறோம். பிளஸ் டூ பரீட்சையும் மார்ச்சில் முடிந்துவிடும். கண்மாய்கள் காய்ந்து கட்டாந்தரையாகக் கிடக்கும். பிள்ளைக்கு அதற்குள் 18 முடிந்திருந்தால் இதைவிட நல்ல காலம் கிடையாது.

கணக்கு இப்படி. முதலில் எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் உரிமம் எடுக்க வேண்டும். அது ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் ஆன பிறகுதான் ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். தேர்வில் தோற்றால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். ஏப்ரல் முதல் வாரத்தில் எல்.எல்.ஆர். கையில் இருந்தால், மே இரண்டாம் வாரத்தில் தேர்வு. ஒரு தடவை தோற்றாலும் படகு இறங்குவதற்குள் இன்னொரு தடவை பார்த்துவிடலாம். ஆகஸ்டில் எல்.எல்.ஆர். எடுத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் மாட்டிக்கொண்டு, ஆறு மாதம் தீர்ந்து, திரும்ப முதலிலிருந்து தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

காகித வேலை

விண்ணப்பம் எல்லாம் இப்போது பரிவாகன் இணையதளத்தில்தான். வீட்டிலேயே செய்யலாம். இல்லையென்றால் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து செய்துவிடலாம். ஆதார், வயதுச் சான்றுக்குப் பிறப்புச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், முகவரிச் சான்று, புகைப்படம், கையெழுத்து. மத்திய விதிப்படி கட்டணம் பெரிய தொகை ஒன்றும் இல்லை: எல்.எல்.ஆர்.க்கு வண்டி வகை ஒன்றுக்கு 150, அதன் தேர்வுக்கு 50. பிறகு ஓட்டுநர் தேர்வுக்கு வகை ஒன்றுக்கு 300, உரிமத்துக்கு 200. இதோடு சேவைக் கட்டணம் கொஞ்சம் சேரும். இடையில் ஒருவர் நின்று ஆயிரக்கணக்கில் கேட்டால், எது எதற்கு எவ்வளவு என்று இதை வைத்துக் கேளுங்கள்.

தகராறு வருவது கட்டணத்தில் அல்ல, பெயரில். ஆதாரில் இன்ஷியல் பின்னால், மதிப்பெண் பட்டியலில் முன்னால், ரேஷன் கார்டில் அப்பா பெயரே வேறு எழுத்துக்கூட்டலில். விண்ணப்பிப்பதற்கு ஒரு மாதம் முன்பே எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள். திருத்த வேண்டும் என்றால் ஆதாரில் திருத்திவிட்டுப் பிறகு வாருங்கள்.

அடுத்தது ஓ.டி.பி. பிள்ளையின் ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறது? பெரும்பாலும் அப்பாவின் நம்பர். என் மகளுக்கு விண்ணப்பம் போட முதல் தடவை உட்கார்ந்த நாளில் நான் கடலில் இருந்தேன். அந்த நம்பர் போட்ட போன் என் சட்டைப்பையில், டவர் இல்லாத இடத்தில். இ-சேவை மையத்தில் அவளும் அவள் அம்மாவும் அரைநாள் காத்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். கரைக்கு வந்து போனைப் பார்த்தால் ஓ.டி.பி. மட்டும் ஏழு.

முகவரியையும் முழுசாகப் போடுங்கள். உரிமம் விரைவு அஞ்சலில்தான் வீட்டுக்கு வரும். ‘கடற்கரைத் தெரு’ என்று மட்டும் போட்டால் எந்தக் கடற்கரைத் தெரு என்று தபால்காரர் யாரைக் கேட்பார்? கதவு எண், பின்கோடு, தபால் நிலையத்தின் பெயர் எல்லாம் இருக்க வேண்டும்.

விண்ணப்பத்தோடு உடல்நிலை பற்றி ஒரு உறுதிமொழிப் படிவம் உண்டு. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா என்று அதில் கேட்பார்கள். எல்லாரும் பார்க்காமலேயே ‘ஆம்’ போடுகிறார்கள். இதை நிஜமாகவே செய்து பாருங்கள். தெருவில் 25 மீட்டர் அளந்து, ஒரு வண்டியை நிறுத்தி, பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். என் மகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ‘டி.என். 65’ என்று சொல்லிவிட்டு அதற்குமேல் யோசித்தாள். நம் மாவட்டத்தில் 65 என்று சொல்ல நம்பர் பிளேட்டைப் பார்க்க வேண்டியதே இல்லை! மறுநாள் கண் டாக்டரிடம் போனோம். கண்ணாடி வந்தது. பள்ளிக்கூடத்தில் இத்தனை வருடம் கரும்பலகையை எப்படிப் படித்தாளோ.

உடல் உறுப்பு தானம் பற்றியும் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும். அதற்கு நாம் பதில் சொல்லக் கூடாது. பிள்ளையே படித்துப் பார்த்து முடிவு செய்யட்டும்.

எல்.எல்.ஆர். தேர்வு

கணினியில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு, தமிழிலும் எழுதலாம். அறுபது விழுக்காடு சரியாக இருந்தால் தேர்ச்சி. இதற்கு ஒரு வாரப் படிப்புப் போதும். சாலைக் குறியீடுகளை மூன்று வகையாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் மனசில் நிற்கும்: சிவப்பு வட்டம் கட்டளை, முக்கோணம் எச்சரிக்கை, நீலச் செவ்வகம் தகவல்.

புத்தகத்தை விட, பேருந்தில் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்பது நல்லது. மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் போகிற வழியில் தேசிய நெடுஞ்சாலை 87இல் எத்தனை பலகை இருக்கிறது என்று எண்ணச் சொன்னேன். உச்சிப்புளி தாண்டுவதற்குள் அவளுக்கு அலுத்துவிட்டது. ஆனால் நடுக்கோடு எங்கே விட்டுவிட்டு வருகிறது, எங்கே விடாமல் வருகிறது, ஏன் அந்த இடத்தில் மட்டும் அப்படி என்று அவளே கேட்க ஆரம்பித்தாள். விடாத கோட்டைத் தாண்டி முந்தக் கூடாது என்பது அதோடு பதிந்துவிட்டது.

அந்த முப்பது நாள்

எல்.எல்.ஆர். கையில் வந்ததும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ எழுத்து, வண்டியின் முன்னும் பின்னும். உரிமம் உள்ள ஒருவர் பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது, கூட்டாளியையும் சேர்த்துத்தான். இந்த விதிப்படி ஓட்டினால் காப்பீடும் செல்லும்.

அப்புறம் ஹெல்மெட். இருவருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளது, தாடைப் பட்டை மாட்டினது. இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம். அப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தபடி பிள்ளையை ஹெல்மெட் போடச் சொன்னால், அந்த ஹெல்மெட் உரிமம் வரும்வரைதான் தலையில் இருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் மணலில் பழகியவர்கள். மணல் மூன்று பழக்கத்தைக் கொடுத்துவிடுகிறது.

முதலாவது, முன் பிரேக்கைத் தொடாமை. மணலில் முன் பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரம் புதைந்து வண்டி கவிழும். அதனால் கரைப் பிள்ளைகளுக்கு வலதுகை பிரேக் என்றாலே பயம், பின் பிரேக் ஒன்றையே மிதிப்பார்கள். தார்ரோட்டில் கதை தலைகீழ். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் எல்லாம் முன்சக்கரத்துக்கு வரும், நிறுத்துகிற சக்தி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் பின்சக்கரம் பாரம் குறைந்து, பூட்டிக்கொண்டு இழுத்துக்கொண்டே போகும். இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. காய்ந்த கண்மாய்த் தரை வேண்டாம், ஆள் நடமாட்டம் இல்லாத நேராகப் போகும் தார்த்துண்டு ஒன்று பாருங்கள். வலை மிதவை ஒன்றை வைத்து, அதைத் தொட்டதும் பிரேக் என்று சொல்லுங்கள். முதலில் பின் பிரேக் மட்டும், பிறகு முன் பிரேக்கை மெல்ல அழுத்தி, பிறகு இரண்டும் சேர்த்து. ஒவ்வொரு தடவையும் வண்டி நின்ற இடத்தில் ஒரு சிப்பி. 30 கிலோமீட்டர் வேகத்தில் போதும். சிப்பிகளுக்கு நடுவில் உள்ள தூரத்தைப் பார்த்த பிறகு என் மகள் முன் பிரேக்கைப் பற்றி மறுபேச்சுப் பேசவில்லை. திடீரென்று பிடுங்கக் கூடாது, எலுமிச்சம்பழத்தைப் பிழிகிற மாதிரி அழுத்த வேண்டும் என்பதை மட்டும் பத்து தடவை சொன்னேன்.

இரண்டாவது, காலைத் தொங்கவிடுவது. மணலில் வண்டி ஆடும்போது காலை ஊன்றித் தள்ளிப் பழகியவர்கள் தார்ரோட்டிலும் இரண்டு காலையும் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டு போவார்கள். எட்டு போடும்போது கால் தரையில் பட்டால் தேர்வு அவ்வளவுதான்.

மூன்றாவது, பின்னால் பார்க்காதது. நம் வண்டிகளில் கண்ணாடி இருப்பதே அபூர்வம். கூடை கட்டும்போது இடிக்கிறது, வலை மாட்டுகிறது என்று கழற்றிவிடுகிறோம். முதல் நாளே இரண்டு கண்ணாடியையும் மாட்டுங்கள். திரும்புவதற்கு முன் கண்ணாடி, பிறகு இண்டிகேட்டர், பிறகு தோளுக்கு மேல் ஒரு பார்வை, அதன் பிறகுதான் ஹேண்டில். வீட்டு வாசலிலிருந்து வண்டியை எடுக்கும்போதும் இதே வரிசை.

பின்னால் உட்காரும் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. முதல் இரண்டு நாள் நான் கத்திக்கொண்டே போனேன். ‘ஏய் பார்த்து, பார்த்து!’ என்று கத்தினால் அவள் ரோட்டைப் பார்க்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் நாள் அவளே சொன்னாள்: “அப்பா, என்னன்னு சொல்லாம வெறுமனே பாருன்னா எதைப்பா பார்க்கிறது?” அதன் பிறகு ஒரு ஏற்பாடு. தோளில் ஒரு தட்டு என்றால் வேகத்தைக் குறை, இரண்டு தட்டு என்றால் ஓரமாக நிறுத்து. பேச்சு எல்லாம் நிறுத்திய பிறகு.

எட்டு போடுவது

தடைக்காலத்தில் வலை மிதவைகள் சும்மாதான் கிடக்கும். கண்மாய்த் தரையிலோ பள்ளி மைதானத்திலோ கேட்டுக்கொண்டு, மிதவைகளை வைத்து எட்டு வரையுங்கள். முதலில் பெரிசாக, நாளுக்கு நாள் கொஞ்சம் சுருக்கிக்கொண்டே வாருங்கள்.

முதல் கியர். கிளட்சை முழுசாக விடாமல் பாதியில் வைத்துக்கொண்டு, பின் பிரேக்கில் காலை லேசாக வைத்து, ஆக்சிலேட்டரை ஒரே அளவில் பிடிக்க வேண்டும். எல்லாரும் தப்புச் செய்வது பார்வையில். முன்சக்கரத்தைப் பார்த்தால் வண்டி தள்ளாடும். வளைவு எங்கே முடிகிறதோ அந்த மிதவையைப் பார்க்க வேண்டும். படகைத் துறைக்குள் கொண்டுவருகிறவன் அணியத்தை, அதாவது படகின் முன்முனையைப் பார்த்துக்கொண்டா சுக்கான் பிடிக்கிறான்? இதைச் சொன்னதும் மூத்தவனுக்குப் புரிந்துவிட்டது. கடலுக்கே வராத மகளுக்கு இது பிடிபடவில்லை. அவளுக்கு வேறு வழி: நான் வளைவின் முடிவில் போய் நின்றுகொண்டு விரல்களைக் காட்டினேன். எத்தனை விரல் என்று சொல்லிக்கொண்டே திரும்ப வேண்டும். அரைமணி நேரத்தில் வந்துவிட்டது.

ரோட்டுப் பாடம், இடம் இடமாக

பத்தாம் நாளுக்கு மேல் ரோட்டுக்குப் போகலாம். காலை ஆறு மணி நல்ல நேரம் என்று சொல்வார்கள். நம் கரையில் அது நல்ல நேரம் இல்லை. மீன் வண்டிகள் ஏலம் முடிந்து ஐஸ் உருகுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று பறக்கிற நேரம் அது. எட்டு மணிக்கு மேல் போங்கள்.

முதலில் ஊருக்குள், பிறகு கிளைச் சாலை. சீமைக்கருவேலம்தான் அங்கே பெரிய பாடம். இரண்டு பக்கமும் ரோட்டின் விளிம்பு வரை வளர்ந்து வளைவை மறைத்துக்கொண்டிருக்கும். உள்ளேயிருந்து ஆடு வரும், மயில் வரும். ஒரு ஆடு தாண்டிவிட்டால் ரோடு காலி என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். முதல் ஆட்டைப் பார்த்ததும் மந்தை பின்னால் வருகிறது, அதற்குப் பின்னால் ஆட்டுக்காரர் வருகிறார் என்று வேகத்தைக் குறைக்க வேண்டும். ஹாரனை விடாமல் அடித்தால் ஆடு மிரண்டு திரும்பி ஓடிவரும்.

பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை. சாயல்குடி பக்கமோ, தேவிபட்டினம், தொண்டி பக்கமோ, எது பக்கமோ அது. ரோடு நேராகவும் காலியாகவும் இருப்பதுதான் அங்கே ஆபத்து. எதிரே வரும் லாரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று புதுக் கண்ணுக்குப் பிடிபடாது. ஓரமாக நின்று, தூரத்தில் ஒரு லாரி தெரிந்ததும் நம்மைத் தாண்டும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிடும். எனவே இந்த மாதம் முழுக்க முந்துவது கிடையாது, பின்னாலேயே போக வேண்டியதுதான்.

பாம்பன் பாலத்துக்குக் கடைசி வாரத்தில் கூட்டிப்போங்கள். 1988இல் திறந்த சாலைப் பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். கஷ்டம் காற்றில் இல்லை, காற்று விட்டு விட்டு வருவதில். பெரிய பஸ் பக்கத்தில் போகும்போது காற்று மறைந்து, பஸ் தாண்டியதும் பட்டென்று அறையும். அந்த நேரத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் உடம்பின் ஆட்டம் எல்லாம் வண்டிக்குப் போகும். முழங்காலால் டேங்கை அணைத்து, கையைத் தளர்வாக வைக்க வேண்டும். மேலே வண்டியை நிறுத்திவிட்டு ரயில் பாலத்தைப் படம் எடுக்கிற சுற்றுலாக்காரர்கள் கதவைத் திறந்துகொண்டு இறங்குவார்கள். நம் பிள்ளை அங்கே நிறுத்தக் கூடாது.

தனுஷ்கோடி ரோட்டை ஆசைக்காகக் கேட்பார்கள். முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் அரிச்சல்முனை வரை காற்று மணலைத் தாரின் மேல் கொண்டுவந்து போட்டிருக்கும். தார்மேல் மணல் என்றால் உருளைக்கட்டைமேல் நடக்கிற மாதிரி. தாரில் முன் பிரேக் பிடி என்று சொன்ன அதே வாயால், இங்கே பிரேக்கே பிடிக்காமல், வண்டியைச் சாய்க்காமல், வேகத்தை முன்கூட்டியே குறைத்துக்கொண்டு போ என்று சொல்ல வேண்டியிருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத பிள்ளையை அங்கே கூட்டிப்போகாதீர்கள்.

அமாவாசை நாட்களில் ராமேஸ்வரம், தேவிபட்டினம், சேதுக்கரை பக்கம் பழகப் போக வேண்டாம். ஆடி, தை அமாவாசை என்றால் சொல்லவே வேண்டாம். ஏர்வாடி சந்தனக்கூடு நாளும் அப்படித்தான்.

இரவு ஓட்டம் இரண்டு மூன்று தடவையாவது நம்மோடு நடக்க வேண்டும். எதிர் வண்டி வந்தால் டிம் செய்ய வேண்டும். அவன் டிம் செய்யாவிட்டால் கண்ணை விளக்கிலிருந்து எடுத்து ரோட்டின் இடது விளிம்பைப் பார்த்துக்கொண்டு மெல்லப் போக வேண்டும். பதிலுக்கு நாமும் ஹைபீம் அடித்தால் இரண்டு குருடர்கள் எதிரெதிரே வருகிறோம் என்று அர்த்தம்.

உப்புக் காற்றும் வண்டியும்

வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. நம் பக்கம் பிரேக் கேபிள் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து, ஒருநாள் இழுக்கும்போது பட்டென்று அறும். செயின் இறுகும், கிளட்ச் கேபிள் சிக்கும். வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுகிற வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். பிரேக் லைட் எரிகிறதா, டயரில் பட்டன் இருக்கிறதா என்று வண்டி எடுக்கும் முன் பார்க்கட்டும். கேபிளைக் கையில் பிடித்துப் பார்த்தவனுக்குத்தான் பிரேக் என்றால் என்ன என்று தெரியும்.

தேர்வு நாள்

எந்த வண்டியில் பழகினானோ அந்த வண்டியையே கொண்டுபோங்கள். பக்கத்து வீட்டுப் புது வண்டியை இரவல் வாங்கிப் போய், அதன் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று தெரியாமல் எட்டின் நடுவில் நின்றுபோனவன் என் மூத்த மகன். ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று, எல்.எல்.ஆர்., தேர்வு நேரம் எடுத்த ரசீது எல்லாம் ஒரே உறையில். ‘எல்’ அட்டை, கண்ணாடி, இண்டிகேட்டர், ஹாரன் வேலை செய்ய வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பிள்ளை அங்கே தனியாக ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, இன்னும் உரிமம் வரவில்லை. நாம் பின்னால் உட்கார்ந்து போக வேண்டும். திரும்பி வரும்போதும்தான், தேர்வில் ஜெயித்திருந்தாலும்.

கை சைகைகளை முந்தின நாள் ஒரு தடவை செய்து பார்த்துக்கொள்ளட்டும். இண்டிகேட்டர் இருக்கும்போது கை எதற்கு என்று வாதாட அது இடம் இல்லை. கூட்டாளிகளை அழைத்துப் போகாதீர்கள். வேலிக்கு வெளியே நின்று அவர்கள் சிரித்தால் கால் தானாகக் கீழே போகும்.

எந்த வகைக்கு விண்ணப்பிப்பது என்ற கேள்வி வரும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் தேர்வு கொடுத்தால் கியர் வண்டி ஓட்ட முடியாது. கியர் வண்டியில் கொடுத்தால் இரண்டும் ஓட்டலாம். பெண்பிள்ளைக்கு ஸ்கூட்டர் போதும் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். என் மகள் கியர் வண்டியில்தான் கொடுத்தாள். வீட்டில் இருப்பது அந்த வண்டிதான், அவசரத்துக்கு அதை எடுக்கத் தெரிய வேண்டாமா? துப்பட்டாவைப் பின்னால் முடிந்துகொள்ள வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்குத் தனியாகச் சொன்னது.

காருக்கும் சேர்த்து எடுப்பதானால் ஓட்டுநர் பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் பிரேக் உள்ள கார் அங்கேதான் கிடைக்கும். நம் காரில் நாம் கற்றுக்கொடுத்தால் கைப்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கலாம், வெளிநாட்டில் டிரைவர் வேலைக்குப் போகலாம் என்று கணக்குப் போடும் பையன்களுக்கு ஒரு வார்த்தை: போக்குவரத்து வாகன உரிமத்துக்கு 20 வயது ஆக வேண்டும், சாதாரணக் கார் உரிமம் எடுத்து ஒரு வருடமும் ஆகியிருக்க வேண்டும். ஆகவே அந்த எண்ணம் இருந்தால் கார் உரிமத்தை 18இலேயே எடுத்துவிடுவது லாபம்.

உரிமம் வந்த பிறகு

கையில் வந்ததும் பெயர், பிறந்த தேதி, வண்டி வகை மூன்றையும் சரிபாருங்கள். 40 வயது வரை செல்லும். டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ ஏற்றி வைத்தால் போனில் காட்டினாலும் செல்லும், உப்புத் தண்ணீரில் அட்டை போனாலும் கவலை இல்லை.

எங்கள் வீட்டில் முதல் மூன்று மாதத்துக்கு மூன்று கட்டுப்பாடு வைத்தோம். பின்னால் கூட்டாளி கிடையாது. இருட்டிய பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை கிடையாது. போன் பேச வேண்டும் என்றால் வண்டியை நிறுத்திவிட்டு. இன்னொன்றும் சொல்லிவைத்தேன்: எங்கேயாவது விழுந்தாலும், யாரையாவது இடித்தாலும் ஓடிவரக் கூடாது. 108க்குக் கூப்பிட வேண்டும், பிறகு எனக்கு. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் அரசு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் இலவச சிகிச்சை உண்டு, பணம் எங்கே என்று பயந்து யாரையும் ரோட்டில் விட்டுவிட்டு வர வேண்டாம்.

மகள் உரிமம் வந்த முதல் வாரம் வண்டியை எடுக்கவே இல்லை. இரண்டாம் வாரம் ஐஸ் வாங்கப் போகிறேன் என்றாள். வாசலில் நின்று பார்த்தேன். ஹெல்மெட் பட்டையை மாட்டினாள், வலது கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினாள், பின் பிரேக்கை ஒரு தடவை மிதித்து விளக்கு எரிகிறதா என்று சுவரில் விழும் சிவப்பைப் பார்த்தாள். அப்புறம் தோளுக்கு மேல் திரும்பி ஒரு பார்வை. தெருவில் ஒருத்தரும் இல்லை, ஒரு நாய் படுத்திருந்தது. அதற்கும் இண்டிகேட்டர் போட்டுவிட்டுத்தான் போனாள்.